எழுபத்திரண்டு அடுப்புகள்

பாதிரியார் எட்மார் எங்கள் ஊரை உண்டாக்கிய சீமாட்டி லியோஃப்ரூனின் வாழ்க்கையைக் கன்றுத்தோலில் எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்கு எழுதத் தெரியும். ஆகவே என்ன நடந்தது என்று தெரிய வேண்டியதில்லை. அவர் இந்த ஊருக்கு வந்தே ஒன்பது வருடம்தான் ஆகிறது. நேற்று என் பீர்க்கடையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினார். சீமாட்டிக்கு ஒரு கனவு வந்ததாம். அதில் ஒரு சம்மனசு, வானதூதர், தோன்றி, கெல்வர்த் சதுப்பைச் சுட்டிக்காட்டி, ஏழைகளுக்கு இங்கே குடியிருக்க இடம் கொடு என்றாராம். அம்மாள் கண்ணீரோடு எழுந்து கொடுத்தாராம்.

அம்மாளின் கனவுகள் எனக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடம் அவர் கட்டிலின் கால்மாட்டில், தரையில் படுத்தவள் நான். தூக்கத்தில் வாய்விட்டுப் பேசுவார். பெரும்பாலும் வெண்ணெயை யார் திருடினார்கள் என்பது பற்றித்தான் இருக்கும். எந்தச் சம்மனசு மேலும் அவர் சந்தேகப்பட்டு நான் கேட்டதில்லை.

இதைச் சொன்னதும் பாதிரியார் மைக்கூட்டை மூடி வைத்துவிட்டார். சரி, அவர் எழுதுவதை எழுதட்டும். நான் சொல்வதைச் சொல்கிறேன்.

என் பெயர் டூவா. பெரும் பஞ்ச வருடத்தில் என் அப்பன் எங்களைக் கூட்டிக்கொண்டு அம்மாளின் தகப்பனார் வீட்டு வாசலுக்குப் போய் மண்டியிட்டு, அவர் இரண்டு கைகளுக்கு நடுவே தன் தலையை வைத்தான். பிறகு என் தலையையும் வைத்தான். தலையைக் கொடுத்தால் கஞ்சி கிடைக்கும். அது எங்கள் பக்கத்து வழக்கம். கஞ்சி கிடைத்தது, அதில் உப்பு இல்லை. அன்றிலிருந்து நான் அடிமை. எனக்கு அப்போது ஆறு வயது. என் தலைக்குச் சொந்தக்காரி ஆனவர் அந்த வீட்டின் ஒரே பெண், என்னைவிட இரண்டு வயது மூத்த லியோஃப்ரூன்.

பிரபு வீட்டுப் பெண் என்றதும் பட்டும் வீணையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பன்றி வெட்டும் மாதத்தில் முழங்கை வரை ரத்தத்தோடு நின்று குடல் கழுவியவர்தான் எங்கள் சீமாட்டி. குளிர்காலம் முழுக்கக் கால்விரல் வீங்கி, எல்லோர் மேலும் எரிந்து விழுவார். இடுப்பில் சாவிக்கொத்து. மாவுக்கு ஒரு பூட்டு, பாலாடைக்கட்டிக்கு ஒரு பூட்டு, மெழுகுவர்த்திக்கு ஒரு பூட்டு. பூட்ட முடியாததால்தான் கிணற்றைத் திறந்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். மற்றபடி கெட்டவர் இல்லை. என்னை அடித்தது மொத்தமே மூன்று முறை. அதில் ஒரு முறை தப்பு என்னுடையதுதான்.

பதினேழு வயதில் அவருக்கு வுல்ஃப்மாரோடு கல்யாணம் நடந்தது. வுல்ஃப்மார் ஐந்து ஏர் நிலமும் மூன்று குதிரையும் பெரிய குரலும் உள்ள சிறு பிரபு. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் புருஷன் பெண்டாட்டிக்குக் காலைப் பரிசு கொடுப்பது எங்களில் கட்டாயம். அது அவளுக்கே சொந்தம். அவன் செத்தாலும் அவளை விட்டுப் போகாது. நல்ல வீட்டில் விளைநிலம் கொடுப்பார்கள், காடு கொடுப்பார்கள். எங்கள் மாப்பிள்ளை தலைவலியோடு எழுந்து உட்கார்ந்து, நிலத்தில் எது தனக்குப் பயன்படாது என்று யோசித்துவிட்டு, வாத்துச் சேற்றைக் கொடுத்தார். கொக்கு உட்காரும் மரத்திலிருந்து ஆற்றுத்துறைக் கல் வரைக்கும் இருந்த அத்தனை சதுப்பும், இன்று கெல்வர்த் இருக்கும் இடம் முழுக்க, அம்மாளுக்கு.

மாப்பிள்ளையின் தம்பி ஓர்ட்கார் சாட்சிக்கு நின்றிருந்தான். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தபோது அவன் முழங்கை, மாப்பிள்ளை முகம் கழுவ வைத்திருந்த கிண்ணத்தில் பட்டது. செப்பு விளிம்பு கட்டின மரக்கிண்ணம், நிறைய கொதிக்கக் கொதிக்க வெந்நீர். பாதி தரையில் விழுந்தது, மீதி என் மணிக்கட்டில் விழுந்தது. கிண்ணத்தைப் பிடித்திருந்தவள் நான்தான். கீழே போட்டிருந்தால் உதை விழும் என்பதால் போடவில்லை. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பதினைந்து வருடம் போனது. அம்மாளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. எனக்கு ஒரு பெண் பிறந்தாள், டில்லா. பன்றி மேய்த்த அவள் அப்பன் காய்ச்சலில் போய்விட்டான். அடிமைக்குப் பிறந்தது அடிமை என்பதால் டில்லாவின் தலையும் அம்மாளுடைய பெட்டியில்தான், மெழுகுவர்த்திகளோடு.

பிறகு வுல்ஃப்மார் செத்தார். வீரமரணம் என்று பாதிரியார் எழுதியிருக்கிறார். மேல்துறையில் இருந்த பழைய மரப்பாலத்தில் குதிரையை நாலுகால் பாய்ச்சலில் ஓட்ட முடியும் என்று விருந்தாளிகளிடம் பந்தயம் கட்டினார். பாதி வரைக்கும் முடிந்தது.

பாலமும் அவரோடு போனதால், வடக்கே போகும் வண்டி, உப்புக்காரன், ஆட்டு மந்தை எல்லாம் கீழே இறங்கி எங்கள் வாத்துச் சேற்றின் துறை வழியாக ஆற்றைக் கடக்க ஆரம்பித்தன. கடக்கிறவன் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் கடப்பான். பதினைந்து வருடமாகச் சேறாக இருந்தது ஒரே மாதத்தில் சொத்தாகிவிட்டது. ஓர்ட்காருக்கு அண்ணன் மேல் இருந்த பாசம் பொங்கி வந்ததும் அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து, எங்கள் ரொட்டியைத் தின்றுகொண்டே, அன்பாகத்தான் சொன்னான். “அண்ணி, தனிமரமா நிக்கிறீங்க. அந்தச் சேத்த வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? கன்னியர் மடத்துல உங்களுக்கு ஒரு நல்ல அறை பாத்துத் தர்றேன். நெலத்த நான் பாத்துக்கிறேன்.”

அம்மாள் அவன் முன்னால் இருந்த பாலாடைக்கட்டியை எடுத்துப் பூட்டி வைத்தார். அதுதான் பதில்.

ஈஸ்டர் முடிந்ததும் ஓர்ட்கார் சபைக்குப் போனான். அரை நாள் நடை தூரத்தில், நாலு வழி கூடும் இடத்தில், முள்மரம் நிற்கும் மேட்டில்தான் எங்கள் நாட்டுச் சபை கூடும். தன் அண்ணன் அப்படி ஒரு காலைப் பரிசு கொடுக்கவே இல்லை, தான் அங்கே நின்றிருந்ததால் தெரியும், ஆகவே நிலம் தனக்கே என்றான். அம்மாள் எழுந்து, புருஷர் கொடுத்தது நிஜம் என்றார். நீல நிறத் திரை, ஓக் மரக் கட்டில், செப்பு விளிம்புக் கிண்ணம், ஜன்னலில் பூனை, ஒன்று விடாமல் சொன்னார். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு நெளிவு இருந்ததைக்கூடச் சொன்னார். அறையில் யார் யார் இருந்தார்கள் என்று சபைத் தலைவர் கேட்டார்.

“நாங்க மூணு பேருதான். நான், எம் புருஷரு, இதோ நிக்கிற இந்த ஓர்ட்காரு.”

நான் அவர் மேலங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். சபையில் அடிமைக்கு வாய் கிடையாது. இருந்தாலும் அம்மாள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பூனைக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

நிலம் இப்போது அம்மாள் கையில் இருப்பதால் சத்தியம் செய்யும் உரிமை அவருக்கே என்று சபை சொன்னது. ஆனால் தனிச் சத்தியம் போதாது. அறுவடை முடிந்து வரும் மிக்கேல் சம்மனசு திருநாள் சபையில், அம்மாளின் சத்தியம் சுத்தமானது என்று பன்னிரண்டு பிரபுக்கள் கூட நின்று சத்தியம் செய்ய வேண்டும். சுற்றுவட்டாரத்துப் பிரபுக்கள் எல்லோரும் ஓர்ட்காரோடு வேட்டைக்குப் போகிறவர்கள். ஒருவரும் வரமாட்டார் என்பது மேட்டில் நின்ற முள்மரத்துக்கே தெரியும். பிரபு கிடைக்காவிட்டால் ஒரு பிரபுவுக்குப் பதில் ஆறு குடியானவர். ஒரு பிரபுவின் வாய் ஆறு குடியானவர் வாய்க்குச் சமம் என்பது சட்டம். பந்தியில் பரிமாறியவள் என்ற முறையில் அந்தக் கணக்கு சரிதான் என்று நானும் சொல்வேன்.

ஆக எழுபத்திரண்டு பேர். ஆணோ பெண்ணோ, சுதந்திரமானவராக இருக்க வேண்டும். முன்பு பொய்ச் சத்தியம் செய்து பிடிபட்டிருக்கக் கூடாது. அம்மாளின் அக்கம்பக்கத்தில் சொந்த அடுப்பு எரிய வேண்டும். ஒருவர் குறைந்தாலும், ஒருவர் வாய் குழறினாலும் மொத்தச் சத்தியமும் உடைந்துபோகும். நிலம் ஓர்ட்காருக்கு, அம்மாளுக்கு மடத்து அறை. அம்மாளிடம் அன்று இருந்த அடுப்புகள் ஒன்பது.

அன்று ராத்திரி சம்மனசு வந்ததா என்றால், வரவில்லை. நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அம்மாள் தூங்கவே இல்லை. விடிந்ததும் துறையைக் கடக்கிற ஒவ்வொரு வண்டிக்காரனிடமும் சொல்லி அனுப்பினார். யார் வந்தாலும் துறைச் சாலை ஓரத்தில் ஒரு மனை, மூன்று வருடத்துக்கு வரியும் கிடையாது, கூலியில்லா உழைப்பும் கிடையாது. பதிலுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

இப்படிக் கூப்பிட்டால் எப்படிப்பட்டவர்கள் வருவார்கள்? வேறெங்கும் இருக்க முடியாதவர்கள் வந்தார்கள். அண்ணன் தம்பியோடு வெட்டுக்குத்து ஆனவர்கள், மாமியாரை விட்டு ஓடி வந்த ஒரு ஜோடி, தேனீ மட்டும் சொத்தாக வைத்திருந்த ஒரு விதவை, விலாங்கு மீன் பிடிக்கிற கிரிம் என்ற டேனியன், கடல் தாண்டிக் கொள்ளைக்கு வந்த இனம். கிரிமின் அப்பன்தான் நாற்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் தேவாலயத்தைக் கொளுத்தினான் என்று பேச்சு. அம்மாள் அதைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்டார்: உன் பேரில் பொய்ச் சத்தியம் உண்டா? இல்லை என்றான். மனை கிடைத்தது. டொட்டா என்ற குயவனும் வந்தான். அவன் எல்லாக் கேள்விக்கும் சிரித்துக்கொண்டே இல்லை என்றான்.

ஓர்ட்கார் சும்மா இருப்பானா? எதிர் மலையில் ஓர் ஆளை உட்காரவைத்துத் தினமும் காலையில் புகையை எண்ணச் சொன்னான். இதைக் கேட்டதும் அம்மாள் ஒரு உத்தரவு போட்டார். வீடு பிறகு, அடுப்பு முதலில். உலகத்தில் வேறெந்த ஊரிலும் சுவர் எழுப்பிக் கூரை போட்டுத்தான் அடுப்பு வைப்பார்கள். நாங்கள் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, நெருப்பு மூட்டி, அதன் பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். புகை தெளிவாகத் தெரியட்டும் என்று அடுப்புகளைச் சாலையின் இரண்டு பக்கமும் கயிறு பிடித்த மாதிரி ஒரே நேரில் வைக்கச் சொன்னார். எங்கள் கடைத்தெருவின் நேரான அழகைப் பார்த்து இன்று பாதிரியார் இறைவனின் ஒழுங்கு என்கிறார்.

வந்தவர்களில் பாதிப்பேர் வெயில் ஏறிய பிறகு எழுகிறவர்கள். மலையில் இருந்தவனோ விடியலில் எண்ணுவான். ஆகவே தினமும் கருக்கலில் எழுந்து, வரிசையாகப் போய், ஈர வைக்கோல் வைத்து ஒவ்வோர் அடுப்பாகப் புகைய வைக்கிற வேலை எனக்கு. டில்லா வைக்கோல் கூடையைத் தூக்கிக்கொண்டு கூட வருவாள். அவளுக்கு எட்டு வயது. நாள் முழுக்க வாத்து மேய்ப்பாள்.

சாயங்காலம் பாடம். எல்லோரையும் ஆற்றங்கரையில் நிற்கவைத்து அம்மாள் வாக்கியத்தைச் சொல்லிக் கொடுப்பார். ‘ஆண்டவர் பேரால், லியோஃப்ரூன் செய்த சத்தியம் சுத்தமானது, பொய் கலவாதது.’ அவ்வளவுதான். அதை ஒரு கோடைக்காலம் முழுக்கச் சொன்னார்கள். கிரிம் விலாங்குக் கூடையைப் பார்த்துச் சொல்லிப் பழகினான். தேனீ விதவை பாட்டாகவே பாடினாள். ஒரு நாள் கிரிம் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

“அம்மா, தப்பா நெனக்காதீங்க. அய்யா நெசமாவே குடுத்தாரா?”

“ஒனக்கு நான் மனை குடுத்தனா இல்லையா?”

“குடுத்தீங்க.”

“அப்ப அவரும் குடுத்தாரு. சொல்லு.”

கிரிம் சொன்னான். எல்லோரும் சொன்னார்கள். அம்மாள் பொய் சொல்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அதற்காக யாரும் அவரைக் குறைவாக நினைக்கவும் இல்லை. நிலத்துக்காக யார்தான் சொல்லமாட்டார்கள் என்றார்கள். அவர் சொல்வது நிஜம் என்று தெரிந்தவள் அந்தக் கரையில் நான் ஒருத்திதான். நான் அடுப்புக்கு வைக்கோல் நனைத்துக்கொண்டிருந்தேன்.

மிக்கேல் சம்மனசு திருநாளுக்குள் எண்பத்தோரு அடுப்பு எரிந்தது. அதில் ஒன்பது பேர் அறுவடைக் காய்ச்சலிலும் சண்டையிலும் போக, சரியாக எழுபத்திரண்டு பேர் மிஞ்சினார்கள். அதிகப்படியாக ஒருவர்கூட இல்லை. டில்லாவை வாத்துகளோடு விட்டுவிட்டு, நான் மேலங்கியைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் சபைக்கு நடந்தோம்.

மேட்டின் மேல் வெள்ளிப் பேழையில் ஒரு புனிதரின் பல்லை வைத்திருந்தார்கள். அதன் மேல் கை வைத்துத்தான் சத்தியம். அம்மாள் முன்னால் போகும்போது ஓர்ட்கார் கையைத் தூக்கினான். வரிசையில் நிற்கும் குயவன் டொட்டா, பக்கத்து நாட்டில் ஓர் ஆட்டு வழக்கில் பொய்ச் சத்தியம் செய்து பிடிபட்டவன் என்றான். அதை நேரில் பார்த்த ஆளையே கையோடு கூட்டி வந்திருந்தான். கோடை முழுக்கத் தெரிந்துவைத்துக்கொண்டு இந்த நாளுக்காக அடைகாத்திருக்கிறான்.

சபைத் தலைவர் டொட்டாவைப் பார்த்தார். டொட்டா சிரித்தான். “சின்ன ஆடுதாங்க அது” என்றான்.

எழுபத்தொன்று. சூரியன் சாயும் வரை நேரம் உண்டு என்றார் தலைவர். கெல்வர்த்துக்குப் போய் வர ஒரு முழு நாள் வேண்டும். போனாலும் அங்கே இருப்பது ஒரு சிறுமியும் முப்பது வாத்துகளும். ஓர்ட்கார் ஒரு கல்லில் உட்கார்ந்து ஆப்பிளைக் கடிக்க ஆரம்பித்தான். அம்மாள் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, தன் மேலங்கியைப் பார்த்தார். அப்புறம்தான் அதைப் பிடித்திருந்த என்னைப் பார்த்தார்.

“இவள விடுதலை பண்றேன்” என்றார்.

கூட்டம் கசமுசவென்றது. ஓர்ட்கார் ஆப்பிளைக் கீழே வைத்தான். அடிமையாக இருந்தவளுக்கு அடுப்பு ஏது என்று கேட்டான், நியாயமான கேள்விதான். அம்மாள் நொடிகூட யோசிக்கவில்லை. டொட்டா தகுதியில்லாதவன், அவன் மனையைத் திருப்பி எடுக்கிறேன், அது இனி இவளுக்கு என்றார். இன்று காலை அந்த அடுப்பை ஏற்றியது யார் என்று தலைவர் கேட்டார். “நான் தூங்கிக்கிட்டிருந்தேன், டூவாதான் ஏத்துனா” என்றான் டொட்டா. அவன் சபையில் பேசிய முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும், ஆனால் அவன் வார்த்தை செல்லாது என்பதால் கிரிமிடம் கேட்டார்கள். அந்த அடுப்பு மட்டும் இல்லை, எல்லா அடுப்பையும் அவள்தான் ஏற்றுகிறாள் என்றான் கிரிம். தலைவர் தாடிக்குள் சிரித்தபடி சரி என்றார்.

அம்மாள் என் கையைப் பிடித்து மேட்டிலிருந்து இறக்கி, நாலு வழி கூடும் இடத்துக்குக் கூட்டிப் போனார். அடிமையை அங்கேதான் விடுவிப்பார்கள். சபை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. என் தலையில் இரண்டு கையையும் வைத்து எடுத்தார்.

“ஒங்கப்பன் குடுத்த தலைய ஒங்கிட்டயே குடுத்துட்டேன். நாலு வழியும் ஒனக்குத் தொறந்திருக்கு. சீக்கிரம் வா, பொழுது சாயுது.”

நான் வடக்கு வழியில் நடக்க ஆரம்பித்தேன்.

இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கால் போனது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. மேலங்கி இன்னும் என் கையில் இருந்தது. அதை ஒரு புதரின் மேல் போட்டேன். இருபதடி, முப்பதடி. பின்னால் ஓர்ட்கார் சத்தமாகச் சிரித்தான், அதே பழைய சிரிப்பு. அம்மாள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

“எங்கடி போற?”

“நாலு வழியும் எனக்குன்னு இப்பத்தானம்மா சொன்னீங்க.”

“சத்தியத்த சொல்லிட்டுப் போடி.”

“எம் பொண்ணு?”

“அத அப்புறம் பாக்கலாம்.”

“அப்ப நானும் அப்புறம் பாக்குறேம்மா.”

அவர் முகம் சிவந்தது. பழைய நாளாக இருந்தால் நாலாவது அடி விழுந்திருக்கும். ஆனால் நான் இப்போது சுதந்திரமானவள், அடித்தால் அபராதம் கட்ட வேண்டும். அது அம்மாளுக்கு நன்றாகத் தெரியும். சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, டூவாவின் மகள் டில்லாவின் தலையையும் விட்டுவிட்டேன், எல்லோரும் சாட்சி என்று கத்தினார். என் பெண் அந்த நேரத்தில் எங்கோ வாத்தை விரட்டிக்கொண்டிருந்தாள், தான் யாருக்கும் சொந்தமில்லை என்று தெரியாமல்.

நான் திரும்பி நடந்தேன். அம்மாள் என் கூடவே வந்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பயப்படாத. நீ பாக்கலன்னா என்ன, மத்தவங்களும் பாக்கலதான். அவங்க சொல்ற மாதிரி நீயும் சொல்லிடு. பாவம் எம்மேல இருக்கட்டும்.”

“நான் அங்கதானம்மா நின்னேன்” என்றேன்.

அம்மாளுக்குப் புரியவில்லை. எங்கே நின்றாய் என்று கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

அம்மாள் சத்தியம் செய்தார். பிறகு ஒவ்வொருவராகப் போய்ப் பல்லின் மேல் கை வைத்தார்கள். ஒருவரும் குழறவில்லை. கடைசியாக நான் போனேன். கை வைக்கும்போது சட்டைக் கை விலகி மணிக்கட்டு தெரிந்தது. ஓர்ட்கார் எதிரில் நின்றிருந்தான். ஆண்டவர் பேரால், லியோஃப்ரூன் செய்த சத்தியம் சுத்தமானது, பொய் கலவாதது என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் சத்தியம் உடையும் என்பதால் சேர்க்கவில்லை. கையை மட்டும் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தேன். ஓர்ட்கார் தழும்பைப் பார்த்தான். அன்றைக்குக் கொட்டியது அவன் முழங்கை என்பது அவனுக்கு நினைவு வந்தது. அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது, குதிரையைக்கூட மறந்துவிட்டு நடந்தே கீழே இறங்கிப் போனான்.

அம்மாள் அதைப் பார்த்தார். அவன் முகத்தையும் என் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு வரும் வரை மேலங்கியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பழக்கம் இல்லாததால் பாதி வழி சேற்றில் இழுபட்டது.

வழக்கு முடிந்தால் எல்லோரும் போய்விடுவார்கள் என்றுதான் அம்மாள் எதிர்பார்த்திருப்பார். யாரும் போகவில்லை. மூன்று வருடம் வரியில்லாத இடத்தை எவன் விடுவான்? அடுப்பைச் சுற்றிச் சுவர் வந்தது, சுவருக்கு மேல் கூரை வந்தது. சதுப்பில் எழுபது குடும்பம் விளைவித்துத் தின்ன முடியாது. அதனால் துறை கடக்கிறவர்களிடம் விலாங்கும் தேனும் பானையும் விற்றார்கள். டொட்டாவும் போகவில்லை. மனை இல்லாவிட்டால் என்ன என்று என் கொல்லையில் சூளை போட்டுக்கொண்டான், இன்றுவரை நல்ல பானை செய்கிறான், இன்றுவரை அதன் தடிமனைப் பற்றிப் பொய் சொல்கிறான். சந்தை கூடியது. பிறகு அதற்கு ஊர் என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருடம் முடிந்த மறுநாள் காலையில் அம்மாள் சாவிக்கொத்து குலுங்க ஒவ்வொரு வாசலாக வந்து வரி கேட்டார். என் வாசலுக்கும் வந்தார். பீர் நீர்த்துப்போயிருக்கிறது என்று திட்டிவிட்டு, முழுக் கோப்பையும் குடித்துவிட்டுப் போனார்.

அப்படியே இருபத்து நான்கு வருடம். அந்த அறையைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் கோபம் இருந்தது. இப்போதும் இல்லை என்று சொல்லமாட்டேன்.

இந்தப் பனிக்காலத்தில் அம்மாள் படுத்தார், பிறகு எழவில்லை. எங்கள் வழக்கப்படி சாட்சிகளைக் கூப்பிட்டு, யாருக்கு எது என்று வாயால் சொன்னார். பாதிரியார் எழுதிக்கொண்டார், கிரிமும் நானும் சாட்சிகளில் நின்றோம். நிலம் தேவாலயத்துக்கு. நீலத் திரை கிரிமின் மருமகளுக்கு. சாவிகளை யாருக்கும் கொடுக்கவில்லை, தன்னோடு புதைக்கச் சொன்னார். பாதிரியார் முடிந்ததா என்று கேட்டார். அம்மாள் கண்ணை மூடியபடியே சொன்னார்.

“செப்பு விளிம்புக் கிண்ணம் டூவாவுக்கு. அன்னிக்கு அத புடிச்சிருந்தவ அவதான். நான் சபையில மூணு பேருன்னு சொன்னேன். தப்பு. நாங்க நாலு பேரு இருந்தோம்.”

பாதிரியார் கிண்ணத்தை எழுதிக்கொண்டார். மற்றது உயிலில் வராது என்றார். நான் அங்கேயே, எல்லோர் முன்னாலும், வாய்விட்டு அழுதேன். இத்தனை நேரம் அம்மாளைப் பற்றி இவ்வளவு பேசியவள் அழுதாளா என்று கேட்டால், அழுதேன்.

நேற்றுப் பாதிரியாரிடம், அறையில் மூன்று பேர் என்ற அந்த ஒரு வரியையாவது மாற்றச் சொன்னேன். பழைய சபைப் பத்திரத்தில் மூன்று என்றுதான் இருக்கிறதாம், அவர் மாற்றமாட்டாராம். சரி என்று அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினேன். கிண்ணம் டில்லாவின் வீட்டில் இருக்கிறது. அவள் அதில் மாவு பிசைகிறாள்.